மனநல வார்டுக்குப் போகும் தாதிமை மாணவர்களுக்கு: உளச்சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

மனநலத் தாதிமைப் பாடத்தில் உளச்சிகிச்சை அத்தியாயம் பெரும்பாலும் ஃப்ராய்டில் தொடங்கும். அவருக்குப் பின் அறிஞர்கள் வரிசையாக வருவார்கள். பெயரும் ஆண்டும் மனப்பாடம் ஆகும், தேர்வும் முடிந்துவிடும். பிறகு வார்டில் ஒரு நோயாளிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், முதல் வார்த்தை வராது.

சிங்கப்பூரின் நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பல்கலைக்கழகத்திலோ தாதிமை படித்து, முதல்முறையாக மனநல வார்டுக்குப் போகவிருக்கும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடநூலின் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் உறவு, அடுத்து கேட்பது, அதற்கும் பிறகுதான் சிகிச்சை முறைகள். வார்டில் இந்த வரிசைதான் கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: உங்கள் எல்லை எதுவரை?

ஆறுதலாகப் பேசுவதெல்லாம் உளச்சிகிச்சை ஆகிவிடாது. பயிற்சி பெற்ற ஒருவர், நோயாளியோடு கலந்து ஓர் இலக்கை முடிவு செய்து, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், ஒரு முறையைப் பின்பற்றிப் பேச்சின் வழியாக நடத்தும் சிகிச்சை அது. உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் அதற்கெனப் பயின்ற பிற வல்லுநர்களும் அதைச் செய்கிறார்கள். தாதியரும் செய்யலாம், ஆனால் அதற்கு மேற்படிப்பும் மேற்பார்வையும் வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய முதுநிலைப் படிப்பின் வழியாக மனநலத் துறையிலும் உயர்நிலைத் தாதியர் உருவாகிவருகிறார்கள். உங்களில் சிலர் அந்த வழியில் போவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்போதைக்கு உங்கள் பணி வேறு. நோயாளியோடு சிகிச்சைக்கு உதவும் உறவை வளர்ப்பது, கவனித்துக் கேட்பது, நோயைப் பற்றிப் புரியும்படி விளக்குவது, சிகிச்சையாளர் கொடுத்த பயிற்சியை அவர் செய்யும்போது துணைநிற்பது, கண்டதையும் கேட்டதையும் சரியாகப் பதிவு செய்வது. இது சிறிய வேலை என்று எண்ண வேண்டாம். சிகிச்சையாளர் நோயாளியோடு செலவிடுவது வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். தூக்கம் வராத இரவிலும், யாரும் பார்க்க வராத மாலையிலும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கும் மதியத்திலும் அருகில் இருப்பவர் தாதி. சிகிச்சை அறையில் நடப்பது என்னவென்று தெரியாத தாதி, நல்லெண்ணத்தோடு பேசியே அதைக் கெடுத்துவிடக்கூடும். எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: உறவின் கட்டங்கள்

தாதிக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே சிகிச்சையின் கருவி என்பதை விரிவாக எடுத்துச் சொன்னவர் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கத் தாதி. அவருடைய நூல் 1952இல் வெளிவந்தது. மருத்துவர் சொல்வதைச் செய்து முடிப்பவரே நல்ல தாதி என்று கருதப்பட்ட காலம் அது. அந்த உறவுக்குக் கட்டங்கள் உண்டு என்று அவர் காட்டினார். இன்றைய பாடநூல்கள் அவற்றைச் சந்திப்புக்கு முன், அறிமுகம், செயல்பாடு, நிறைவு என்று பிரிக்கின்றன.

சந்திப்புக்கு முந்திய கட்டத்தை மாணவர்கள் நோயாளியின் கோப்பைப் படிப்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அது போதாது. உங்கள் மனதில் என்ன பயம் இருக்கிறது என்றும் பாருங்கள். இங்குள்ள மனநல மருத்துவமனையின் வரலாறு 1841இல் பிராஸ் பசா பகுதியில் 30 படுக்கைகளோடு தொடங்குகிறது. 1928இல் அது இயோ சூ காங்கிற்கு மாறியது. 1951இல் உட்பிரிட்ஜ் என்ற பெயர் பெற்றது. 1993இல் புவாங்கோக்கில் மனநலக் கழகமாக இடம்பெயர்ந்தது. பெயர் மாறியும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் ‘உட்பிரிட்ஜ்’ என்று குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அந்தப் பயத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். நோயாளியும் அதையே கேட்டு வளர்ந்தவர். அவர் உங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், உங்கள் மீதுள்ள கோபம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இங்கே வந்து சேர்ந்துவிட்டோமே என்ற கூச்சம் அதில் பெரும் பங்கு.

அறிமுகம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

“வணக்கம் ஐயா. என் பெயர் கவிதா. தாதிமை மாணவி. இந்த மாதம் 20ஆம் தேதி வரை இந்த வார்டில் இருப்பேன். தினமும் காலை பத்து மணிக்குக் கால் மணி நேரம் உங்களோடு உட்கார்ந்து பேசலாமா?”

பெயர், பொறுப்பு, முடியும் நாள், அனுமதி நான்கும் இதில் வந்துவிட்டன. முடியும் நாளை முதல் நாளே சொல்வது கடுமையாகத் தோன்றலாம். சொல்லாமல் இருந்து, ஒரு வெள்ளிக்கிழமை மறைந்துபோவதுதான் கடுமை. ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்டவராக அவர் இருக்கலாம்.

பத்து மணி என்று சொன்னால் பத்து மணிக்கே போங்கள். அவர் பேச விரும்பவில்லை என்றால், “பரவாயில்லை ஐயா, இந்தக் கால் மணி நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்லி உட்காருங்கள். தனியாக இருக்க விரும்புகிறேன் என்றால் எழுந்து வாருங்கள், நாளை அதே நேரத்துக்குத் திரும்பப் போங்கள். சொன்ன நேரத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்பதைப் போல நம்பிக்கையை வளர்ப்பது வேறெதுவும் இல்லை.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: “நீங்கள் சொல்வதை வெளியாட்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைக் கவனித்துக்கொள்ளும் குழுவிடம் சொல்வேன்.” ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். ரகசியமாகச் சொல்லப்படும் செய்தி தற்கொலை எண்ணமாக இருந்தால், அந்த வாக்கு உங்களையும் அவரையும் ஒருசேரச் சிக்க வைக்கும்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டியவையாக மூன்றைச் சொன்னார். ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை. மூன்றாவதுதான் மாணவர்களுக்குக் கடினம். பதில் தெரியாதபோது தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளத் தோன்றும். “எனக்குத் தெரியவில்லை அம்மா, மூத்த தாதியிடம் கேட்டு வந்து சொல்கிறேன்” என்று சொல்லுங்கள். கேட்டு, திரும்பி வந்து சொல்லவும் செய்யுங்கள். எட்வர்ட் போர்டின் 1979இல் முன்வைத்த கருத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். எந்தச் சிகிச்சை முறையானாலும் இலக்கில் உடன்பாடு, செய்யும் பணியில் உடன்பாடு, இருவருக்கும் இடையே பிணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கூட்டுறவு உருவாகிறது என்றார்.

மூன்றாம் படி: நம் மக்களோடு எல்லை வைப்பது

இங்குள்ள தமிழ் முதியவர்கள் பலர் உங்களை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்தவுடன் கேள்விகள் தொடங்கும். எந்த ஊர்? அப்பா என்ன வேலை செய்கிறார்? கல்யாணம் ஆகிவிட்டதா? சொந்த விவரங்களைப் பகிரக்கூடாது என்று பாடநூல் சொல்லும். ஆனால் இந்தக் கேள்விக்கெல்லாம் வாயை மூடிக்கொண்டால், திமிர் பிடித்த பெண் என்று அவர் ஒதுங்கிவிடுவார். சிறிய விடை ஒன்றைக் கொடுத்து, பேச்சை அவர் பக்கம் திருப்புவதே நல்ல வழி. “எங்கள் பாட்டிக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். உங்களுக்கு எந்த ஊர் அம்மா?” அதன்பின் அவரே பேசுவார்.

வீட்டு முகவரி, கைபேசி எண், சமூக ஊடகக் கணக்கு, உங்கள் சொந்தத் துயரம் ஆகியவை பேச்சில் வரக்கூடாது. தீபாவளிக்கு வீட்டிலிருந்து வந்த முறுக்கை அவர் நீட்டினால், வார்டின் விதி என்னவோ அதன்படி நடந்து, மூத்த தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர் சிறிய ஊர். தேக்கா சந்தையிலோ வீரமாகாளியம்மன் கோயில் வரிசையிலோ உங்கள் நோயாளியை எதிர்ப்பட நேரலாம். நீங்களாக முந்திக்கொண்டு வணக்கம் சொல்லாதீர்கள். அவரோடு வந்திருப்பவர்களுக்கு அவர் எங்கே சிகிச்சை பெற்றார் என்பது தெரியாமல் இருக்கலாம். அவர் முதலில் பேசினால் மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு நகருங்கள். முடிந்தால் வார்டில் இருக்கும்போதே, “வெளியே பார்த்தால் நானாகப் பேச மாட்டேன், உங்களுக்கு விருப்பமிருந்தால் நீங்கள் பேசுங்கள்” என்று சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால், பார்த்தும் பார்க்காதது போலப் போய்விட்டாளே என்று அவர் மனம் நோகும்.

நான்காம் படி: கேட்பது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். எழுபது வயதைத் தொடும் ஓர் அம்மா, மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டவர், சொல்கிறார்:

“ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை மிஸ்ஸி. நெஞ்சில் கல்லை வைத்தது போல இருக்கிறது.”

முதலில் உடம்பைப் பாருங்கள். நெஞ்சில் பாரம் என்பது இதயக் கோளாறாகவும் இருக்கலாம். மனநல வார்டில் இருப்பதனாலேயே எல்லா வலியும் மனவலி ஆகிவிடாது. பொறுப்புத் தாதியிடம் உடனே சொல்லி, பரிசோதிக்கச் செய்யுங்கள். உடம்பில் குறையில்லை என்று தெரிந்தபின் பேச்சுக்கு வருவோம்.

“கவலைப்படாதீர்கள் அம்மா, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. உங்கள் பதற்றம் தணிந்திருக்கும், அவருடையது அப்படியே இருக்கும். “ஏன் தூங்கவில்லை?” என்றால் விசாரணை போல ஆகிவிடும், அவர் காரணம் தேடத் தொடங்குவார். “சாமியைக் கும்பிட்டுப் படுங்கள்” என்பது அவருக்குத் தெரியாத யோசனையா?

வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். “ராத்திரி முழுக்கக் கல் போல பாரமாக இருந்திருக்கிறது.” அவ்வளவுதான். அவருடைய சொற்களையே திருப்பிக் கொடுக்கிறீர்கள். இதற்குப் பிரதிபலித்தல் என்று பெயர். பிறகு பேசாமல் இருங்கள். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். மாணவர்களுக்கு இந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும், நோயாளிக்கு அப்படி இருக்காது. தன் பேச்சுக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்பதை அவர் உணரும் நேரம் அது. அதன்பின் திறந்த கேள்வி ஒன்று: “அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது அம்மா?”

“வீட்டுக்கு எப்போது வருவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை” என்று அவர் சொல்லக்கூடும். கல் என்ன என்று இப்போது தெரிகிறது. உடனே அதைத் தூக்கி எறிய முயலாதீர்கள். மகனுக்குப் போன் செய்யட்டுமா என்று கிளம்பாதீர்கள். “ஒருத்தரும் கேட்கவில்லை என்பது வலிக்கிறது” என்று சொல்லி, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள்.

ஐந்தாம் படி: உங்கள் மனதில் எழுவதைக் கவனிப்பது

இங்கே ஃப்ராய்டுக்கு வருவோம். அவரும் ஜோசப் பிராயரும் 1895இல் வெளியிட்ட ஆய்வுகளில், அன்னா ஓ. என்று பெயர் மறைக்கப்பட்ட பெண் தன் சிகிச்சையைப் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று அழைத்த செய்தி வருகிறது. அங்கிருந்து வளர்ந்த கோட்பாடுகளில் பல இன்று விவாதத்துக்கு உள்ளாகியிருக்கின்றன. டிரான்ஸ்ஃபரன்ஸ் என்ற கருத்து மட்டும் எந்த வார்டிலும் பயன்படும். வாழ்வில் முக்கியமான ஒருவர் மீது கொண்ட உணர்வை, நோயாளி தன்னை அறியாமலே சிகிச்சை அளிப்பவர் மீது வைப்பது அது. உங்களை ‘மகளே’ என்று அழைக்கும் முதியவர், நீங்கள் வேறு நோயாளியோடு பேசிக்கொண்டிருந்ததற்காக இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தால், அந்தக் கோபம் உங்களுக்கானது மட்டும் இல்லை.

அதன் மறுபக்கம் கவுன்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ், உங்கள் பக்கத்திலிருந்து எழுவது. உங்கள் தாத்தா குடிகாரராக இருந்திருந்தால், குடிப்பழக்கம் உள்ள நோயாளியிடம் உங்கள் குரல் காரணமில்லாமல் கடினமாகலாம். ஒரு நோயாளியின் படுக்கைப் பக்கமே போகாமல் தவிர்க்கிறீர்களா? ஒருவருக்கு மட்டும் விதியைத் தளர்த்துகிறீர்களா? வீட்டுக்குப் போன பிறகும் ஒருவரை நினைத்துத் தூக்கம் கெடுகிறதா? இவை அடையாளங்கள். குற்ற உணர்வு வேண்டாம், எல்லோருக்கும் நடப்பது இது. பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் சிக்கல்.

தாங்க முடியாததிலிருந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளான தற்காப்பு இயக்கங்களையும் இந்தப் பாடத்தில் படிப்பீர்கள். அவற்றைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். “நீங்கள் மறுப்பில் இருக்கிறீர்கள்” என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்கு அவருக்கு இப்போது இருக்கும் ஒரே பிடி அதுவாக இருக்கலாம்.

ஆறாம் படி: மூன்று நோய், மூன்று முறை

சிகிச்சை முறைகள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க முடியாது. மனநலக் கழகம் முன்னின்று நடத்திய 2016ஆம் ஆண்டின் சிங்கப்பூர் மனநல ஆய்வு, ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனநலக் கோளாறுக்கு ஆளாகியிருப்பதைக் கண்டது. முன்னிலையில் இருந்த மூன்று: 16 பேரில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு, 24 பேரில் ஒருவருக்கு மதுத் துஷ்பிரயோகம், 28 பேரில் ஒருவருக்கு எண்ணச் சுழல் நோயான ஓசிடி. இந்த மூன்றுக்கும் உரிய முறைகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கு சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. இதை உருவாக்கிய ஆரன் பெக், ஃப்ராய்டு தொடங்கிய மனப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு என்பது உள்நோக்கித் திரும்பிய கோபம் என்ற கருத்தை நிறுவ முயன்றபோது, நோயாளிகளிடம் வேறொன்று தென்பட்டது. தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் எதிர்மறையான எண்ணங்கள், அழைக்காமலே வந்து போயின. அவற்றைத் தானியங்கு எண்ணங்கள் என்றார். 1960களில் உருவான சிபிடி அவற்றைப் பிடித்துப் பரிசோதிக்கிறது.

யீஷூனில் தனியே வசிக்கும் ஓய்வுபெற்ற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். மகளுக்குப் போன் செய்கிறார், அவள் எடுக்கவில்லை. இது நிகழ்வு. ‘நான் அவளுக்குப் பாரமாகிவிட்டேன்.’ இது எண்ணம். துக்கம் என்பது உணர்வு. மதியச் சாப்பாட்டைத் தொடாமல் படுத்துவிடுவது நடத்தை. இந்த நான்கையும் நோயாளியே பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சிகிச்சையாளர் அவருக்கு ஓர் எண்ணக் குறிப்பேடு கொடுத்திருப்பார். மாலையில் அவரோடு உட்கார்ந்து, அதை நிரப்பத் துணைநிற்பது உங்கள் வேலை. “அவளுக்கு உங்கள் மேல் பாசம்தான் ஐயா, பாரமெல்லாம் இல்லை” என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். “அந்த எண்ணத்துக்கு எது ஆதாரம்? அதற்கு ஒத்துவராதது ஏதாவது இருக்கிறதா?” என்று கேளுங்கள். செவ்வாய்க்கிழமை அவள் வந்து சட்டைகளைத் துவைக்க எடுத்துப்போனது அவருக்கே நினைவுக்கு வரலாம். நீங்கள் சொல்லியிருந்தால் அது ஆறுதல் மட்டுமே. அவரே கண்டுபிடித்தால் அவருக்குச் சொந்தம். ஆதாரம் தேடும்போது மகள் உண்மையிலேயே விலகிவிட்டாள் என்று தெரிவதும் உண்டு. அப்போது எண்ணத்தை மாற்றச் சொல்லி வற்புறுத்துவதில் பொருளில்லை, துயரத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

சோர்வு கடுமையாக இருப்பவரிடம் எண்ணங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் செயலில் தொடங்குவார்கள். குளிப்பது, வார்டைச் சுற்றி ஒரு நடை, வானொலியில் ஒலி 96.8 கேட்பது என்று சிறியவற்றை நேரம் குறித்துச் செய்வது. மனம் வந்தால் செய்வேன் என்பார். செய்தால்தான் மனம் வரும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

ஓசிடிக்குத் தூண்டலுக்கு உட்படுத்திச் சடங்கைத் தடுக்கும் முறை. பதற்றம் தணிய நோயாளி திரும்பத் திரும்பச் செய்வதையே சடங்கு என்கிறோம். விக்டர் மேயர் 1966இல் இதன் தொடக்கத்தை வெளியிட்டார். கதவுக் கைப்பிடியைத் தொட்டபின் கை கழுவாமல் இருந்து, எழும் பதற்றத்தைப் பொறுத்துக்கொள்ள நோயாளி படிப்படியாகப் பழகுகிறார். நல்லெண்ணம் சிகிச்சையைக் கெடுக்கும் என்றேனே, அது இங்கேதான் நடக்கும். “என் கை சுத்தமாகத்தானே இருக்கிறது?” என்று அவர் கேட்பார். “சுத்தம்தான்” என்று நீங்கள் சொன்னால் ஒரு நிமிடம் நிம்மதி, பிறகு மறுபடியும் கேட்பார். உங்கள் பதிலே ஒரு சடங்காகிவிடுகிறது. குழு வகுத்த திட்டப்படி, “பதில் சொன்னால் உங்கள் பயிற்சி வீணாகும் என்று நாம் பேசியிருக்கிறோம். இந்தப் பதற்றம் எவ்வளவு இருக்கிறது, பத்துக்கு எத்தனை?” என்று கேட்டு அருகில் இருங்கள். நீங்களாகப் புதிய தூண்டல்களை உருவாக்கிச் சோதிக்க வேண்டாம்.

மதுப்பழக்கத்துக்கு ஊக்கமூட்டும் நேர்காணல். வில்லியம் மில்லர் 1983இல் தொடங்கி, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தது. குடிப்பவரைக் கண்டால் அறிவுரை சொல்லித் திருத்தத் துடிக்கும் நம் இயல்பை அடக்குவதே முதல் பாடம். நீங்கள் குடியின் கேட்டை எடுத்துச் சொன்னால், அவர் குடியின் பக்கம் நின்று வாதாடுவார். அதற்குப் பதிலாக, “குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன? பிடிக்காதது என்ன?” என்று கேளுங்கள். “பையன் என்னைக் கண்டால் அறைக்குள் போய்விடுகிறான்” என்று அவர் சொன்னால், மாற்றத்தை நோக்கிய பேச்சு அது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். “மகன் உங்களிடமிருந்து விலகுவது உங்களுக்குப் பொறுக்கவில்லை.” அடுத்த வாக்கியத்தை அவர் சொல்லட்டும்.

தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் இளையரைச் சந்தித்தால் டிபிடி எனப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையின் பெயரைக் கேட்பீர்கள். மார்ஷா லினஹன் உருவாக்கிய முறை. ஏற்றுக்கொள்வதையும் மாற்றுவதையும் ஒருங்கே கற்றுத்தருவது. அதன் துன்பம் தாங்கும் உத்திகளைச் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செய்வினை, சூனியம் என்று பேசும் நோயாளிகளும் இருப்பார்கள். அதைக் கேட்டவுடன் மாயை, அதாவது நோயால் எழும் பொய்யான உறுதி நம்பிக்கை, என்று குறித்துவிடாதீர்கள். அந்த நம்பிக்கை அவருடைய குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் பொதுவானதா, அல்லது வீட்டாரே ‘இவர் சொல்வது எங்களுக்கே புரியவில்லை’ என்கிறார்களா என்று விசாரித்து எழுதுங்கள். இரண்டும் வெவ்வேறு. மாயையாகவே இருந்தாலும் வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். “உங்களுக்கு அது மிகவும் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது” என்று உணர்வுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஏழாம் படி: குழுவும் குடும்பமும்

குழுச் சிகிச்சையில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். இர்வின் யாலோம் பட்டியலிட்ட குணமாக்கும் காரணிகளில் ஒன்று, ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற உணர்வு. ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் தளர்வதை நேரில் பார்த்தால், அந்தக் காரணி பாடநூலைத் திறக்காமலே புரியும்.

குடும்பத்தைப் பொறுத்தவரை, வெளிப்படும் உணர்ச்சி என்ற கருத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜார்ஜ் பிரவுனும் பின்வந்தவர்களும், ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவரின் வீட்டில் ஓயாத குறைகூறல், பகைமை, அளவுமீறிய ஈடுபாடு இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். 1980களில் சண்டிகரில் ஆராய்ந்தபோது, லண்டனைவிட அங்கு அத்தகைய குடும்பங்கள் குறைவாக இருந்தன. ஆகவே வாயில் சோறு ஊட்டும் தாயைப் பார்த்தவுடன் ‘அளவுமீறிய ஈடுபாடு’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டில் அது எப்படிப் பார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். குடும்பத்தைக் குற்றவாளி ஆக்காமல், நோயைப் பற்றி விளக்கி, அவர்களின் களைப்பையும் கேட்பதுதான் தாதியின் பங்கு.

மொழிபெயர்க்கச் சொன்னால்

வார்டில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும். மருத்துவர் உங்களைக் கூப்பிடுவார். தங்கும் விடுதியிலிருந்து வந்த வெளிநாட்டு ஊழியருக்கும், வீட்டுப் பணிப்பெண்ணுக்கும், ஆங்கிலம் வராத பாட்டிக்கும் உங்கள் குரல்தான் வழி. சொன்னதைச் சொன்னபடி, அவர் பேசுவது போலவே ‘நான்’ என்று மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். குழம்பிய பேச்சைச் சீராக்கித் தராதீர்கள், அந்தக் குழப்பமே மருத்துவருக்கு வேண்டிய செய்தி. கெட்ட வார்த்தையையும் விடாதீர்கள். ஒரு கேள்வி புரியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். குடும்பச் சண்டையோ வன்முறையோ தற்கொலை எண்ணமோ பேச்சில் இருந்தால், உறவினரை வைத்து மொழிபெயர்ப்பது கூடாது என்று குழுவிடம் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

தற்கொலை பற்றி நேராகக் கேளுங்கள்

“நான் போய்விட்டால் எல்லோருக்கும் நிம்மதி” என்று ஒருவர் சொல்லும்போது, “அபசகுனமாகப் பேசாதீர்கள்” என்பது நம் வாயில் முந்திக்கொண்டு வரும். அதை அடக்குங்கள். “உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?” என்று தெளிவாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைவசம் இருக்கிறதா என்று கேளுங்கள். அவரைத் தனியே விட்டுச் செல்லாமல் அழைப்பு மணியை அழுத்தி, பொறுப்புத் தாதியிடம் உடனே சொல்லுங்கள். பதிவில் அவர் சொன்ன வார்த்தைகளையே எழுதுங்கள்.

தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. இன்னும் பலருக்கு இது தெரியாது. போலீஸ் பிடித்துப்போகும் என்ற பயத்திலேயே வாய் திறக்காமல் இருப்பார்கள். வீடு திரும்புபவருக்கும் குடும்பத்துக்கும் எண்களை எழுதிக் கொடுங்கள்: சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222, உயிருக்கு ஆபத்தென்றால் 995. இதே எண்கள் உங்களுக்கும் உரியவை.

எழுதிப் பாருங்கள்

உரையாடல் முடிந்ததும், நினைவு மங்குவதற்குள், தாளில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள். அவர் சொன்னது, நான் சொன்னது, அப்போது எனக்குள் எழுந்தது, வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம். பெயர், அடையாள எண், படுக்கை எண் எதுவும் அந்தத் தாளில் இருக்கக்கூடாது. மூன்றாம் பத்தியை மாணவர்கள் காலியாக விடுகிறார்கள் அல்லது ‘பரிவு’ என்று எழுதி முடிக்கிறார்கள். எரிச்சல் வந்தால் எரிச்சல் என்றே எழுதுங்கள். பயிற்றுநர் உங்களுக்கு உதவ முடிவது அந்தப் பத்தியின் வழியாகத்தான். தமிழில் நடந்த உரையாடலை முதலில் தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கொடுங்கள். நேராக ஆங்கிலத்தில் எழுதினால், பாடநூல் வாக்கியங்களைத்தான் எழுதுவீர்கள்.

கடைசி வாரம்

நிறைவுக் கட்டம் கடைசி நாளில் தொடங்குவதில்லை. ஒரு வாரம் முன்பே, “வரும் வெள்ளிக்கிழமை என் கடைசி நாள் ஐயா” என்று நினைவூட்டுங்கள். அவர் திடீரென்று பேசாமல் போகலாம். பழைய அறிகுறிகள் தலைதூக்கலாம். “முன்கூட்டியே போய்விடேன்” என்று எரிந்து விழலாம். பிரிவின் வேலை அது. மனம் தளர்ந்து, வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள், உங்களால் வர முடியாது.

கடைசிச் சந்திப்பில், முதல் நாளிலிருந்து அவரிடம் நீங்கள் கண்ட மாற்றம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘நன்றாக இருக்கிறீர்கள்’ என்பது போதாது. “முதல் வாரம் சாப்பாட்டு மேசைக்கு வரவே மாட்டீர்கள். நேற்று நீங்களாக வந்து உட்கார்ந்தீர்கள்” என்று சொல்லுங்கள். அடுத்து எந்தத் தாதி அவரைப் பார்ப்பார் என்று பெயரோடு தெரிவியுங்கள், முடிந்தால் அவரை அழைத்துவந்து அறிமுகப்படுத்துங்கள். பிறகு ஒப்படைப்புக் குறிப்பை எழுதுங்கள். எந்த நேரத்தில் அவருக்குப் பேச்சு வருகிறது, எந்தப் பேச்சு வந்தால் ஒதுங்குகிறார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார் என்பதையும் அதில் சேருங்கள். மருந்துப் பட்டியலில் இல்லாத இந்த விவரங்கள் அடுத்துவரும் தாதிக்கு முதல் நாளிலேயே உதவும்.